கதியும் ஸ்தானமும்: ஒலிப்பதிவில் டைம்கோட்

தனித்தனியே ஓடுகின்ற இரண்டு யந்திரங்களை, ஒன்றிலே பதிந்த ஒலியும் மற்றொன்றிலே பதிந்த ஒலியும் அல்லது காட்சியும் இம்மியும் பிசகாமல் பொருந்தும்படி, சேர்ந்தாற்போல ஓடச் செய்வது எப்படி என்ற கேள்வி, பேசும் படம் தோன்றிய நாளிலிருந்து ஒலிப்பதிவுக் கலைஞர்களை விடாது தொடர்ந்து வந்திருக்கிறது. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இந்தக் கேள்வி உள்ளபடியே இரண்டு கேள்விகள். இரண்டு யந்திரங்களும் ஒரே கதியில் ஓடுகின்றனவா என்பது முதலாவது. ஓடுகின்ற ஒவ்வொரு கணத்திலும் இரண்டும் ஒரே ஸ்தானத்தில் இருக்கின்றனவா என்பது இரண்டாவது. கச்சேரியில் மிருதங்கம் வாசிக்கும் வித்வானுக்குக் காலப்பிரமாணம் அசையாமல் நின்றால் மட்டும் போதாது. பல்லவியின் எடுப்பு தாளத்தின் எந்த அட்சரத்தில் விழுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காலம் சுத்தமாக இருந்தும் எடுப்பைத் தவறவிட்டவர் ஆவர்த்தனம் முழுவதும் சுத்தமாகவே தவறு செய்துகொண்டிருப்பார். டைம்கோட் என்று ஒலிப்பதிவுக் கூடங்களில் வழங்கும் உபாயத்தின் வரலாற்றையும், அதைக் குறித்து இன்றுவரை நீங்காத மயக்கங்களையும் ஆராய்ந்து பார்த்தால், இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகப் பாவித்ததிலிருந்தே பெரும்பாலான சிரமங்கள் பிறந்திருக்கின்றன என்பது புலனாகும்.

பிலிம் என்ற பொருள் இரண்டுக்கும் ஒரே விடையைத் தன் ஓரத்திலேயே தாங்கியிருந்தது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒவ்வொரு பிரேமுக்கும் பக்கத்துக்கு நான்கு துளைகள். வினாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் வினாடிக்கு 96 துளைகள் பற்சக்கரத்தில் ஏறி இறங்குகின்றன. படத்தைத் தாங்கிய சுருளும் ஒலியைத் தாங்கிய சுருளும் ஒரே அச்சில் கோத்த பற்சக்கரங்களில் ஓடுமானால், கதி மாறுபடுவதற்கு வழியே இல்லை. துளைகளை எண்ணினால் ஸ்தானமும் தெரிந்துவிடுகிறது. இந்த வசதி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை 1926-ல் 'டான் ஹுவான்' படத்தோடு வார்னர் நிறுவனத்தார் அரங்கேற்றிய வைட்டாஃபோன் முறை முன்னதாகவே காட்டிவிட்டது. அம்முறையில் ஒலி பிலிமில் இல்லை. 16 அங்குல விட்டமுள்ள, நிமிஷத்துக்கு 33⅓ தடவை சுழலும் இசைத்தட்டில் இருந்தது. தட்டும் படமும் ஒரே மோட்டாரால் இயங்கியபடியால் கதியைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ஸ்தானமோ, தட்டில் குறித்த அம்புக்குறியில் ஊசியையும், பிலிமின் தொடக்கக் குறியைப் படக்கதவிலும் கையால் வைத்துப் பொருத்துவதோடு சரி. நடுவில் பிலிம் அறுந்து நாலைந்து பிரேம்கள் வெட்டுப்பட்டுப் போனால், அந்தச் சுருள் முடியும் வரை பேச்சு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாகவே போய்க்கொண்டிருக்கும். ஆகவே, இழந்த பிரேம்களுக்கு ஈடாக அதே எண்ணிக்கையில் கறுப்புப் பிரேம்களை ஒட்டிவைக்க வேண்டியிருந்தது.

காந்த டேப் வந்தபோது துளைகள் மறைந்தன. கால் அங்குல டேப் வழவழப்பானது. இழுத்தால் நீளும், உருளையில் நழுவும், வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தக்கபடி மாறும். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபன் குடெல்ஸ்கி உருவாக்கிய நாக்ரா என்ற கையடக்க ஒலிப்பதிவு யந்திரம் உலகத்துப் படப்பிடிப்புத் தளங்களிலெல்லாம் ஆட்சி செலுத்தியதற்குக் காரணம், ஒலியின் மேன்மையோடு கூட, டேப்பின் கதியைப் பிடித்துவைக்கும் உபாயமும் அதில் அமைந்திருந்ததுதான். கேமராவின் மோட்டாரிலிருந்து பிறக்கும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் நாதம் ஒன்றை, உரையாடலுக்கு இடைஞ்சல் இல்லாதபடி, டேப்பிலேயே பைலட் நாதமாகப் பதிந்துகொண்டார்கள். பிற்பாடு பிலிமுக்கு மாற்றும்போது அந்த நாதத்தைக் கொண்டு டேப்பின் ஓட்டத்தைத் திருத்தினார்கள். எங்கே தொடங்குவது என்பதை மட்டும் கிளாப் கட்டையின் அடி சொல்லிற்று. கதிக்கு நாதம், ஸ்தானத்துக்குக் கட்டை என்று இரண்டு கேள்விகளும் இவ்வாறு பிரிந்தன.

இந்தப் பிரிவினையின் குறைபாட்டை விளக்குவதற்கு இசைப்பதிவு வரலாற்றில் பிரசித்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. 1967 பிப்ரவரி 10-ஆம் தேதி லண்டன் அபே ரோட்டிலுள்ள இ.எம்.ஐ. கூடத்தில், 'எ டே இன் த லைஃப்' என்ற பாடலுக்காக நாற்பது வாத்தியக்காரர்களை பீட்டில்ஸ் குழுவினர் கூட்டிவைத்தார்கள். அந்நாளில் அங்கே இருந்தவை நான்கு டிராக் யந்திரங்கள்; பாட்டும் மற்ற வாத்தியங்களும் ஏற்கெனவே ஒரு டேப்பை நிரப்பிவிட்டபடியால், வாத்திய கோஷ்டியை இரண்டாவது யந்திரத்தில் பதிந்தாக வேண்டும், இரண்டும் சேர்ந்து ஓடவும் வேண்டும். கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் முதல் டேப்பில் 50 ஹெர்ட்ஸ் நாதம் ஒன்றைப் பதிந்து, அதைப் பெருக்கி, இரண்டாவது யந்திரத்தின் மோட்டாரை அதைக் கொண்டே ஓட்டினார். கதி கட்டுப்பட்டது. ஆனால் அந்த நாதத்தில் எண் கிடையாது; ஒவ்வொரு சுழற்சியும் அடுத்த சுழற்சியைப் போலவே இருக்கிறது. எனவே இரண்டு யந்திரங்களையும் குறித்த இடத்திலிருந்து ஒரே நொடியில் கையால் தட்டிவிட வேண்டியிருந்தது. கலவை செய்ய உட்கார்ந்தவர்கள், கை சரியாக விழும்வரை மறுபடியும் மறுபடியும் தொடக்கத்துக்குப் போக நேர்ந்தது. அந்த அற்புதமான பாடலைக் கேட்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை தெரிய நியாயமில்லை.

ஸ்தானத்துக்கு எண் கொடுக்கும் வழி இசைக்கூடத்தில் பிறக்கவில்லை. தொலைக்காட்சிக்காரர்களின் தலைவலியிலிருந்து பிறந்தது. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-ல் வெளியிட்ட வீடியோ டேப்பை வெட்டி ஒட்ட வேண்டுமென்றால், பிலிமைப் போல வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் பார்க்க அதில் உருவம் ஏதும் இல்லை. நுண்ணிய இரும்புத் தூளைத் தடவிக் காந்தத் தடங்களைக் கண்ணுக்குப் புலனாக்கி, பூதக்கண்ணாடியின் உதவியால் வெட்டும் இடத்தைத் தேடினார்கள். ராக்கெட் சோதனைகளிலும் விண்வெளி ஆராய்ச்சியிலும் அளவைப் பதிவுகளுக்குப் பக்கத்திலேயே நேரத்தையும் குறியீடாகப் பதிந்துவைக்கும் வழக்கம் அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்தது. கலிபோர்னியாவின் ஈகோ நிறுவனம் 1967-ல் அதே தத்துவத்தை வீடியோ டேப்புக்குக் கொண்டுவந்தது. வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு குறியீடுகளோடு சந்தைக்கு வரவே, சினிமா, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் சங்கமாகிய எஸ்.எம்.பி.டி.இ. தலையிட்டுச் சில ஆண்டுகளுக்குள் ஒரே பிரமாணத்தை நிர்ணயித்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பிரமாணத்தின் அமைப்பு எளிமைக்கும் முன்யோசனைக்கும் பாராட்டத் தக்கது. ஒவ்வொரு பிரேமுக்கும் 80 பிட்டுகள். மணி, நிமிஷம், வினாடி, பிரேம் ஆகிய எண்களுக்கு 26. உபயோகிப்பவர் தேதியோ சுருள் எண்ணோ எழுதிக்கொள்ள 32. சில்லறைக் குறிப்புகளுக்கு 6. ஒரு பிரேம் முடிந்து அடுத்தது தொடங்குவதை அறிவிக்கும் முத்திரைக்கு 16. வினாடிக்கு 25 பிரேம் என்றால் 2,000 பிட்டுகள், 30 என்றால் 2,400. சாதாரண ஒலி டிராக் ஒன்றில் சிரமமின்றி அடங்கும் அளவு இது. பிட்டின் எல்லைதோறும் மின்னோட்டம் திசை மாறும்; ஒன்று என்ற பிட்டானால் நடுவிலும் ஒருமுறை மாறும். ஆதலால் கம்பிகளை முன்பின்னாக மாற்றி இணைத்தாலும் குறியீடு கெடுவதில்லை. டேப் வேகமாகச் சுழன்றாலும் படிக்கலாம். முத்திரையின் பிட்டுகள் பின்னிருந்து படித்தால் வேறாகத் தோன்றும்படி வைக்கப்பட்டிருப்பதால், டேப் முன்னே போகிறதா பின்னே போகிறதா என்பதும் தெரிந்துவிடும். டேப் அடியோடு நின்றுவிட்டால் மட்டும் இது ஊமையாகிவிடும். அதற்காகவே, படத்தின் கண்ணுக்குத் தெரியாத மேல்வரிகளில் அதே எண்ணை எழுதிவைக்கும் இன்னொரு வகையையும் வீடியோக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள்.

இதை இசைக்கூடத்தார் கைப்பற்றிக்கொண்ட பிறகு நடந்தவைதாம் இந்த வரலாற்றில் சுவையான பகுதி. 24 டிராக் யந்திரங்கள் இரண்டைச் சேர்த்தால் 48 டிராக் கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. ஒவ்வொன்றிலும் ஓரத்து டிராக்கை டைம்கோட்டுக்குக் கொடுத்துவிட்டால் 46 மிஞ்சும். டைம்கோட்டின் கூரிய கீச்சொலி பக்கத்து டிராக்கில் கசியும் சுபாவமுடையதாகையால், அடுத்த டிராக்கையும் காலியாக விட்டு 44-ஓடு திருப்தி அடைந்தவர்கள் உண்டு. உரக்கப் பதிந்தால் கசிவு; மெல்லப் பதிந்தால் படிக்கும் கருவி தடுமாறும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி சாதனத்தை மற்ற டிராக்குகளுக்குப் போடுவதுபோல இதற்கும் போட்டால், அது டைம்கோட்டின் உருவத்தையே சிதைத்துவிடும். ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு அப்படியே நகலெடுத்தாலோ, அதன் கூரிய விளிம்புகள் தலைமுறைக்குத் தலைமுறை மழுங்கிப்போகும். எனவே படித்துப் புதிதாகப் பிறப்பித்து எழுதுவதே சம்பிரதாயம்.

இரண்டு யந்திரங்களுக்கும் நடுவில் அமர்ந்து பஞ்சாயத்து செய்யும் சிங்க்ரனைசர் என்ற கருவி, மாஸ்டர் யந்திரத்தின் எண்ணையும் ஸ்லேவ் யந்திரத்தின் எண்ணையும் ஓயாமல் ஒப்பிட்டு, பின்னதைத் தொலைவில் இருந்தால் வேகமாகச் சுழற்றிக் கிட்டக் கொண்டுவந்து, கிட்ட வந்ததும் மோட்டாரை மெல்ல அசைத்துப் பொருத்தி, அதன்பின் நழுவாமல் பிடித்துவைக்கும். பிடித்துக்கொள்ளச் சில வினாடிகள் வேண்டுமாதலால், தேவையான இடத்துக்கு முன்பிருந்தே ஓடவிட வேண்டும். டேப்பை 00:00:00:00 என்ற எண்ணில் தொடங்கிவிட்டவர்களுக்குக் காத்திருந்த சங்கடம் இங்கேதான். தொடக்கத்துக்கு ஐந்து வினாடி முன்னே போகச் சொன்னால் எண் 23:59:55 ஆகிவிடுகிறது. கருவியோ அதை ஏறக்குறைய ஒரு நாள் பிற்பட்ட இடமாக எண்ணி, டேப்பை மறுமுனை நோக்கி விரட்டிவிடும். அதனால்தான் நிகழ்ச்சிகளை ஒரு மணி எண்ணில் தொடங்கும் வழக்கமும், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பத்து மணி எண்ணில் தொடங்கும் வழக்கமும் ஏற்பட்டன.

டேப்பில் தூசியோ தேய்வோ இருந்து நடுவில் சில எண்கள் விழுந்துவிட்டால், கருவி அவற்றை ஊகித்துக்கொண்டு சற்று நேரம் தானே ஓட்டிச்செல்லும். நல்ல சிங்க்ரனைசர் என்பதற்கு இலக்கணம், எவ்வளவு நேரம் ஊகிக்க வேண்டும், எப்போது பிடியை விட்டுவிட வேண்டும் என்ற விவேகந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் காலத்தில் டைம்கோட் தன் இயல்பான பணியாகிய ஸ்தானத்தைச் சொல்வதோடு நில்லாமல், எண்கள் வரும் விரைவைக் கொண்டு கதியையும் கட்டுப்படுத்தலாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த இரட்டைச் சுமையை அது தாங்கியதனால்தான், 'டைம்கோட் இணைத்தாயிற்று, இனிக் கவலையில்லை' என்ற தவறான நம்பிக்கை ஒரு தலைமுறைக்கே வழக்கமாகிவிட்டது.

கலவை மேடைக்கும் இதனால் ஒரு பெரும் பிரயோஜனம் விளைந்தது. பாட்டு ஓடும்போது ஃபேடர்களை ஏற்றி இறக்கும் கை அசைவுகளை நினைவில் வைத்துக்கொண்டு மறுமுறை தானே செய்யும் ஏற்பாடு 1970-களில் தோன்றியது. முதலில் வந்த சில ஏற்பாடுகள், அந்த அசைவுகளையே குறியீடாக்கி டேப்பின் ஒரு டிராக்கில் எழுதின. ஒரு திருத்தம் செய்ய வேண்டுமானால் அந்த டிராக்கைப் படித்து இன்னொரு டிராக்கில் திரும்ப எழுத வேண்டும். ஒவ்வொரு பெயர்ப்பிலும் ஒரு சிறு தாமதம் ஏறும். பல தடவை திருத்திய கலவையில் பாடகரின் குரலை உயர்த்த வேண்டிய கை, குரல் வந்த பிறகே உயரும். டேப்பில் டைம்கோட்டை மட்டும் வைத்து, அசைவுகளைக் கணினியின் தட்டில் எண்ணோடு சேர்த்து எழுதியபோது இத்தொல்லை வேரோடு அகன்றது. நீவ், சாலிட் ஸ்டேட் லாஜிக் போன்ற நிறுவனங்களின் மேடைகள் புகழ்பெற்றதில் இதற்கும் பங்குண்டு.

இவ்வளவு செம்மையான பிரமாணத்திலும் ஒரு கறை விழுந்திருக்கிறது. அது அமெரிக்க வர்ணத் தொலைக்காட்சி விட்டுச்சென்ற கறை. 1953-ல் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் தெரியும்படி வர்ணத்தைப் புகுத்த முனைந்தவர்கள், வர்ண அலையும் ஒலி அலையும் ஒன்றோடொன்று மோதிப் படத்தில் கோடுகள் விழாதிருக்கும்பொருட்டு, வினாடிக்கு 30 என்றிருந்த பிரேம் விகிதத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து ஏறக்குறைய 29.97 ஆக்கினார்கள். படம் பார்ப்பவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் 30 பிரேமுக்கு ஒரு வினாடி என்று எண்ணும் டைம்கோட், ஒரு மணி நேரத்தில் 108 பிரேம், அதாவது 3.6 வினாடி, உண்மையான கடிகாரத்துக்குப் பின்தங்கிவிடுகிறது. இதைச் சரிக்கட்ட, பத்தின் மடங்கல்லாத ஒவ்வொரு நிமிஷத்தின் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிச் செல்லும் டிராப்-பிரேம் முறையை ஏற்படுத்தினார்கள். தாண்டப்படுவன எண்களேயன்றிப் பிரேம்கள் அல்ல என்பதைப் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் போதாது. இந்த முறைக்குப் பிறகும் நாளொன்றுக்கு 86 மில்லி வினாடி போலப் பிழை மிஞ்சுகிறது. இந்தியாவும் ஐரோப்பாவும் 25 பிரேம் முறையைக் கைக்கொண்டதால் இந்தத் துன்பத்திலிருந்து தப்பின. ஆனால் 24 பிரேமில் எடுத்த சினிமாவை 25-ல் ஓட்டி ஒளிபரப்பும் வழக்கத்தால், சுருதி அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்துபோகும் என்ற வேறொரு துன்பத்தை வரவழைத்துக்கொண்டன.

டிஜிட்டல் பதிவு வந்ததும், டைம்கோட்டின் மேல் சுமத்தியிருந்த இரட்டைச் சுமை வெளிப்படையாகவே தாங்கமுடியாததாயிற்று. வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில், 25 பிரேம் கணக்குக்கு ஒரு பிரேமில் 1,920 மாதிரிகள் அடங்குகின்றன, 29.97 கணக்குக்கோ 1,601.6 மாதிரிகள், ஐந்து பிரேம் சேர்ந்தால்தான் 8,008 என்ற முழு எண் வருகிறது. பிரேமுக்கு ஒருமுறை மட்டும் வரும் எண்ணைக் கொண்டு, அதனுள் அடங்கிய ஆயிரத்துச் சொச்சம் மாதிரிகளின் இடைவெளியைச் சீராக வைப்பது இயலாத காரியம். ஆகவே கதிக்கு வேர்ட் கிளாக் என்ற தனித் துடிப்பும், ஸ்தானத்துக்கு டைம்கோட்டும் என்று மறுபடியும் பிரித்தார்கள். வேர்ட் கிளாக்கை விட்டு டைம்கோட்டை மட்டும் இணைத்துவிட்டு வேலை செய்வோர் அடையும் விபரீதம் பிரத்தியேகமானது: தொடக்கத்தில் எல்லாம் பொருந்தியிருக்கும், போகப்போக ஒன்று மற்றொன்றை விட்டு விலகும், விலகியதை எங்கே கண்டாலும் அங்கே வெட்டிப் பொருத்துவார்கள், அடுத்த பத்து நிமிஷத்தில் அது மீண்டும் விலகும். 1990-களின் தொடக்கத்தில் வந்த அலெசிஸ் நிறுவனத்தின் அடாட் யந்திரங்கள், எட்டு டிராக் கொண்டவற்றைப் பதினாறு வரை கோத்து 128 டிராக் ஆக்கும்போது, தம்முள் மாதிரிக்கு மாதிரி பொருந்தும் தனிக் கம்பி ஒன்றையே நம்பின. வெளியுலகத்தோடு பேசுவதற்கு மட்டும் டைம்கோட்டை வைத்துக்கொண்டன. மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி முறைக்கென 1987-ல் ஏற்பட்ட மிடி டைம்கோட்டும், ஒரு முழு எண்ணைச் சொல்லி முடிக்க இரண்டு பிரேம் காலம் எடுத்துக்கொள்வதாகையால், ஸ்தானத்துக்கு உதவுமேயன்றி நுட்பமான கதிக்கு உதவாது.

தமிழ் வாசகர்கள் தம்மை அறியாமலே டைம்கோட்டோடு பழகிய இடமொன்று உண்டு. 1990-களின் பிற்பகுதியில் நம் ஊர்த் திரையரங்குகளின் முகப்பில் டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்தைப் பெரிதாக எழுதிவைத்தார்களே, 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு வெளிவந்த அந்த முறையில், பிலிமின் மேல் அச்சிட்டிருந்தது டிஜிட்டல் ஒலி அன்று. படத்துக்கும் பழைய ஒலித்தடத்துக்கும் நடுவே புள்ளிகளும் கோடுகளுமாக ஓடிய டைம்கோட் மாத்திரமே. ஒலி தனியாகத் தட்டுகளில் இருந்தது. தட்டும் படமும் தனித்தனி என்ற அளவில் இது வைட்டாஃபோனின் மறுபிறவிதான்; ஆனால் பிலிம் அறுந்து சில பிரேம்கள் போனால், அடுத்த எண்ணைப் படித்ததும் தட்டு தானே தாவிச் சேர்ந்துகொள்ளும், கறுப்புப் பிரேம் ஒட்ட வேண்டியதில்லை. நாளடைவில் நைந்துபோகும் நகல்களை ஊர் ஊராக அனுப்பி ஓட்டிய நம் விநியோக முறைக்கு இது எவ்வளவு பொருத்தமாயிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படப்பிடிப்புத் தளத்தின் கதை வேறு. பேச்சைப் பிறகு டப்பிங் கூடத்தில் பதிந்துகொள்வதே நெடுங்கால வழக்கமாயிருந்த தமிழ் சினிமாவில், தளத்து டைம்கோட்டுக்கு நெருக்கடியான அவசியம் எழவில்லை. 'விருமாண்டி' போல நேரடி ஒலிப்பதிவை நம்பிய படங்கள் விதிவிலக்காகவே நின்றன. இன்றோ இரண்டு மூன்று கேமராக்களும் தனி ஒலிப்பதிவு யந்திரமும், கம்பித் தொடர்பு ஏதுமின்றி, ஒவ்வொன்றும் தன் தன் ஸ்படிகத்தின் துடிப்பில் ஓடுகின்றன. காலையில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் மாலைவரை பொருந்தியிருக்கும் என்று எண்ணுவது, ஸ்படிகங்களின் குணத்தை அறியாதவர் எண்ணம். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிழையுள்ள சாதாரண ஸ்படிகம் மணிக்கு 72 மில்லி வினாடி விலகும். 25 பிரேம் கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு பிரேம். வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் உயர்ந்த ஸ்படிகம், பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுடையதானால், ஒரு மணிக்கு 3.6 மில்லி வினாடியே விலகும். அத்தகைய ஸ்படிகத்தைத் தாங்கிய சிறு பெட்டிகளைக் கேமராதோறும் மாட்டுவதும், உணவு இடைவேளையில் மறுபடியும் ஒருமுறை எண்ணைப் புதுப்பிப்பதும் இதனால்தான்.

எவ்வளவு விலகினால் மனிதருக்குத் தெரியும் என்பதற்கும் அளவு உண்டு. ஒலி முந்தினால் சுமார் 45 மில்லி வினாடியிலும், பிந்தினால் சுமார் 125 மில்லி வினாடியிலும் பார்ப்பவர் உணரத் தொடங்குகிறார் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. தூரத்து மனிதரின் பேச்சு, வாய் அசைந்த பிறகே நம் காதை எட்டுகிறது. 40 மில்லி வினாடியில் ஒலி கடப்பது பதினான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பிந்திய ஒலியை மனம் பொறுத்துக்கொள்கிறது, முந்திய ஒலியை மாத்திரம் பொறுப்பதில்லை. ஆனால் ஒரே வாத்தியத்தை இரண்டு யந்திரங்களில் பதிந்து சேர்க்கும் கலவைக்காரருக்கு இந்தத் தாராளம் கிடையாது. ஒன்றிரண்டு மில்லி வினாடி நகர்ந்தாலே ஓசை வெளிறிப்போகும்.

அண்மைக் காலத்தில் ஒலியும் காட்சியும் கணினி வலையமைப்பின் கம்பிகளிலேயே செல்லத் தொடங்கியதும், எஸ்.எம்.பி.டி.இ. சங்கம் 2015-ல் 2059 என்ற எண்ணுள்ள பிரமாணத்தை வெளியிட்டது. இதன்படி வலையிலுள்ள சாதனங்கள் யாவும் 1970 ஜனவரி 1-ஐ ஆதியாகக் கொண்ட ஒரே காலத்தை, மைக்ரோ வினாடிக்கும் குறைந்த பிசகோடு பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஆதியிலிருந்து இதுவரை எத்தனை மாதிரிகள், எத்தனை பிரேம்கள் கழிந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றும் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. பிலிமின் துளைகளுக்குப் பிறகு, கதியும் ஸ்தானமும் ஒரே ஊற்றிலிருந்து பிறப்பது இங்கேதான். 25 பிரேம் நாடுகளில் இது குறையின்றி நடக்கிறது. 29.97 நாடுகளில் மட்டும், ஒரு நாளின் பிரேம்கள் முழு எண்ணாக முடியாமையால், நிகழ்ச்சிக்கு இடையூறில்லாத ஏதேனும் ஒரு வேளையில் தினந்தோறும் ஒருமுறை டைம்கோட்டை உண்மை நேரத்தோடு திரும்ப ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேளை எது என்பதைக் குறிப்பதற்கும் அப்பிரமாணத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.